பீலிக்கரைச் சமாதானம்

ஐப்பசி 4, திங்கள்

காலையில் வெயில். பகல் சாப்பாட்டுக்கு முன்பே மழை. செருப்பு வார் அறுந்தது.

பெரட்டுக்களத்தில் கொம்பு ஊதியும் ஒருவரும் வரவில்லை. ஆட்களைக் கணக்கெடுத்து மலைக்கு அனுப்ப வேண்டிய கணக்கப்பிள்ளை நான் மட்டும் குடையோடு நின்றேன், கலியாண வீட்டுக்கு நாள் பிசகிப் போனவன் மாதிரி.

காரணம் எல்லோருக்கும் தெரியும். கீழ் லயத்துச் செல்லாயியின் மகள் சனிக்கிழமை செத்துப்போனது. நாலு வயது. வாந்தி, வயிற்றுப்போக்கு, அவ்வளவுதான். கோப்பிப் பழம் அரைக்கத் தொடங்கிவிட்டால் ஸ்டோரிலிருந்து தோலும் புளித்த தண்ணீரும் ஓடையில்தான் விழும். அதற்குக் கீழே ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயம். லயத்து ஆட்கள் குடிப்பது அந்த ஓடைத் தண்ணீர். ஒவ்வொரு பழக்காலத்திலும் பிள்ளைகள் படுக்கும், சில எழும்பாது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய டாக்குத்தர் தேவையில்லை. பங்களாவுக்கும் எனக்கும் தண்ணீர் மேலே ஊற்றிலிருந்து வருகிறது.

மாணிக்கம் கங்காணி (இனி மா.க.) புதுத் தலைப்பாகையோடு வந்தார். "ஆளுக மலைக்குப் போகமாட்டோம்ங்கிறாங்க ஐயா. நல்ல தண்ணி குடுத்தாத்தான் பழம் எடுப்பாங்களாம். நானும் சொல்லிப் பாத்துட்டேன்."

சொல்லிப் பார்த்த முகம் இல்லை அது. எந்தப் பக்கம் சாய்வது என்று காற்றைப் பார்க்கிற முகம்.

பழம் சிவந்து உதிர்கிறது. துரைக்கு இன்னும் சொல்லவில்லை. சாப்பிட்ட பின் சொல்லலாம். அரிசி முடிகிறது, கண்டிக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

ஐப்பசி 5, செவ்வாய்

மழை விடவில்லை. துரை பங்களாவுக்குக் கூப்பிட்டான். (நேரில் 'ஐயா', இங்கே 'அவன்'. இதுவாவது என்னிடம் இருக்கட்டும்.)

முந்திய துரையாக இருந்தால் பிரம்பும் கையுமாக லயத்துக்குப் போயிருப்பான். இவன் புதியவன், சிவந்த கன்னம், நல்ல மனசு. நல்ல மனசுக்காரர்களோடு வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது. ஒரு புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தான். அவன் ஊரில் ஆலை முதலாளிகளும் வேலையாட்களும் சண்டை வந்தால் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசித் தீர்க்கிறார்களாம். சண்டை தீர்ப்பது ஒரு சாத்திரம், அதைப் படித்துக்கொள்ளலாம் என்றான். விதிகள்:

1. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் உட்கார வேண்டும்.
2. நடந்ததைப் பேசக்கூடாது. இனி நடக்க வேண்டியதை மட்டும்.
3. இரண்டு பக்கமும் ஒன்று கொடுக்க வேண்டும், ஒன்று வாங்க வேண்டும்.

கண்டியில் நான் வழக்குப் பேசுகிற ஒரு புறக்டரிடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்த காலத்தில் ஒரே விதிதான் பார்த்தேன்: யாருக்கு முதலில் களைக்கிறதோ அவன் தோற்றான். அதை இவனிடம் சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமல்ல, இந்த மூன்றும் எனக்குப் பிடித்திருந்தன. இரண்டாவதை நானே மனப்பாடம் செய்துகொண்டு இறங்கினேன். வெட்கக்கேடு.

ஐப்பசி 6, புதன்

தூறல். கதிரை நாடகம்.

ஸ்டோர் விறாந்தையில் மேசை. பங்களாவிலிருந்து கதிரைகள், என் வீட்டுக் கதிரையும் சேர்த்து. ஒரு பக்கம் துரை, மறுபக்கம் ஆட்கள் சார்பில் நாலு பேர், மா.க., செல்லாயி. நடுவில் நான்.

துரை: உட்காருங்கள். நான்: "இருங்கோ." ஒருவரும் இருக்கவில்லை. நாலு பேரும் கதிரைக்குப் பக்கத்தில் தரையில் குந்தினார்கள். துரை முதலாம் விதியை நினைத்துக்கொண்டு, சப்பாத்தோடு தானும் குந்தப் பார்த்தான். துரை தரையில் இருப்பதா என்று நாலு பேரும் பதறி எழும்பினார்கள். அவனும் எழும்பினான். அவன் கதிரைக்குப் போக, இவர்கள் தரைக்குப் போக, அவன் மறுபடி தரைக்கு வர. கடைசியில் எல்லோரும் நின்றோம். மா.க. மட்டும் எப்போதோ ஒரு கதிரையில் நன்றாகச் சாய்ந்துவிட்டார்.

நின்றபடியே பேச்சு. ஆட்கள்: நல்ல தண்ணீர் வேண்டும், ஸ்டோர் வாய்க்காலைத் திருப்ப வேண்டும். துரை: வாய்க்காலைத் திருப்பினால் கோப்பிக்காட்டை வெட்ட வேண்டும், கொழும்பில் இருக்கிற முதலாளிகள் விடமாட்டார்கள். ஊற்றிலிருந்து மூங்கிலைக் குடைந்து பீலி இறக்கி லயத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் விழவைக்கலாம். மூங்கில் ஆற்றங்கரை முழுக்கச் சும்மா நிற்கிறது. ஆட்கள் முகம் மலர்ந்தது. சும்மா நிற்கிற மூங்கிலை வெட்ட ஒரு பிள்ளை சாக வேண்டியிருந்ததா?

அப்போதுதான் செல்லாயி வாயைத் திறந்தாள். அதுவரை தூணைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தை.

"எனக்குச் சீலை வேணாங்க, அரிசி வேணாங்க. அந்தத் தண்ணிதான் எம்புள்ளயக் கொன்னுச்சுன்னு தொர வாயால ஒரு வார்த்த சொல்லட்டும். அது போதும்."

மொழிபெயர்த்தேன். துரையின் கன்னம் இன்னும் சிவந்தது. இரண்டாம் விதி, இரண்டாம் விதி என்று என்னிடம் முணுமுணுத்தான். பிறகு: அது இந்தியக் கரையிலிருந்து அவர்களே கொண்டுவந்த காய்ச்சல் என்று சொல்.

சொன்னேன். அவள் மறுபடி தூணைப் பார்த்தாள்.

ஐப்பசி 7, வியாழன்

வெயில். துணி காயப்போட்டேன். துரையின் முடிவு, தனியாக என்னிடம்: பீலி தருகிறேன், ஆனால் நன்கொடையாக. தண்ணீரால் சாவு என்று ஒருவர் வாயிலிருந்தும் வரக்கூடாது. வந்தால் கொழும்புக்குப் போகும், நான் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகும். அப்படி யாராவது பேசினால் பீலியைக் கழற்றிவிடுவேன். அவர்கள் கொடுக்க வேண்டியது அது ஒன்றுதான். மூன்றாம் விதி.

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றிக்கொடுத்து, மிகவும் மரியாதையாகச் சொன்னான்.

லயத்தில் போய்ச் சொன்னதும் ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் சம்மதம். அதற்குப் பிறகு எல்லோரும் செல்லாயி குடியிருக்கிற ஒற்றையறைக் காம்பராப் பக்கம் பார்த்தார்கள். பக்கத்துக் காம்பராக்காரி ஒருத்தி, அவளுக்குக் கேட்கட்டும் என்றே: "ஒருத்தி வாயி அடங்குனா அம்புட்டுப் பேருக்கும் தண்ணி. அடங்காட்டி அம்புட்டுப் பேரும் சாக வேண்டியதுதான்."

பிள்ளையைப் புதைக்கும்போது இவள்தான் மார்பில் அடித்துக்கொண்டு முன்னால் போனாள். நான் கண்ணால் பார்த்தேன்.

ஐப்பசி 8, வெள்ளி

செல்லாயியைச் சம்மதிக்கவைக்கும் வேலை எனக்கு. மா.க. சொன்னது: "ஐயா பேசுனா கல்லும் கேக்கும்." இப்படிப் புகழ்ந்துதான் மனிதனைச் சாக்கடைக்குள் இறக்குகிறார்கள்.

காம்பரா வாசலில் குடையோடு நின்று பேசினேன். சாவு வீடு, உள்ளே போகவில்லை. புருஷன் வீரன் மூலையில் சுருண்டு படுத்திருந்தான், காய்ச்சலோ துக்கமோ. முதலில் போனது போச்சு என்றேன். அசையவில்லை. துரை நல்லவர் என்றேன். அசையவில்லை. பிறகு அவள் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தேன்.

"இந்தப் பிள்ளை நாளைக்கு என்னத்தைக் குடிக்கப் போகுது, செல்லாயி?"

அவ்வளவுதான். அது போய்த் தைத்தது. எந்த இடத்தில் குத்தினால் விழும் என்று தெரிந்துவைத்திருப்பதற்குப் பெயர்தான் சமாதானம் பேசுகிற திறமை. புத்தகத்தில் அதை எழுதவில்லை.

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்: "சரிங்க. நான் வாயத் தொறக்கல. எவ கேட்டாலும் தொறக்கல. ஆனா பீலியில விழுற மொதத் தண்ணி எங்குடத்துக்கு வேணும். கொண்டுபோயி அவ குழியில ஊத்தணும். சாகுறப்ப தண்ணி, தண்ணின்னுதான் கேட்டா. நான் அந்தத் தண்ணியத்தானய்யா மொண்டு மொண்டு குடுத்தேன்."

"ஓம்" என்றேன். "முதல் குடம் உன்ரை குடம்தான். நான் பொறுப்பு."

மலிவாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த நினைப்பை இங்கே அப்படியே எழுதிவைக்கிறேன், பிறகு மறுக்க முடியாதபடி.

துரை தோளில் தட்டினான். சனிக்கிழமையிலிருந்து மூங்கில் வெட்டு.

ஐப்பசி 9, சனி

விடியுமுன் கோப்பி வண்டியோடு கண்டிக்கு. மூங்கில் கட்டக் கம்பி, ஆணி, அரிசி, செருப்பு வார். கட்டுகஸ்தோட்டையில் வண்டி நெரிசல், மாடு ஒன்று பாலத்தில் படுத்துவிட்டது. கண்டியில் கோப்பி மூட்டைகள் மலை மலையாக. எல்லா மூட்டையும் ஏதோ ஓர் ஓடையில் கழுவப்பட்டதுதானே என்று நினைப்பு வந்தது. நினைக்காமல் இருந்திருக்கலாம்.

காசிம் நானாவின் கடையில் கம்பி வாங்கினேன். புறக்டரிடம் இருந்த நாளிலிருந்து பழக்கம். பெருமையாகக் கதையைச் சொன்னேன், கதிரை நாடகம் உட்பட. சிரிப்பார் என்று பார்த்தேன். கம்பியைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்ப தொரக்கி பழம் வந்திச்சி, ஆளுகளுக்கு தண்ணி வந்திச்சி. அந்தப் பொம்புளக்கி?"

"முதல் குடம்."

"கேட்டதுக்கு பதிலா குடுத்ததா, கேட்டதே அதானா?"

ஆணியை எண்ணத் தொடங்கினேன்.

"ரெண்டு பக்கமும் ஒங்கட வாயத்தான் பாத்துக்கிட்டு இரிக்கி தம்பி. எனக்குண்டா பயமா இரிக்கும்" என்றார். பிறகு கம்பிக்கு விலை குறைக்காமல் வாங்கிக்கொண்டார்.

ஐப்பசி 11, திங்கள்

பின்னேரம் மழை. வார் தைத்தாயிற்று, காலைக் கடிக்கிறது.

ஆட்கள் மூங்கில் வேலையை உற்சாகமாகச் செய்கிறார்கள். கணுவைக் குடைந்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி, கவட்டைக் கம்பில் தாங்கவைத்து, மலையோரமாக இறக்குகிறார்கள். யாரோ தெம்மாங்கு பாடினான். நானும் கொஞ்ச நேரம் சந்தோஷமாகத்தான் நின்றேன்.

அப்போது மா.க. பக்கத்தில் வந்து, சாதாரணமாக: "தெறக்குற அன்னிக்கு யாரு மொதல்ல புடிக்கிறதுன்னு ஆளுக கேக்குறாங்க ஐயா. மாரியம்மனுக்கு ஒரு செம்பு. அப்பறம் எங்க வீட்டுலருந்து ஆரம்பிப்போம்."

"முதல் குடம் செல்லாயிக்கு. நான் வாக்குக் கொடுத்தது."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். குழந்தையைப் பார்ப்பது போல.

"ஐயா, அவளுக்குச் சாவுத் தீட்டுல்ல? இன்னும் பதினாறு கழியலியே. புதுத் தண்ணியத் தீட்டுக்காரி தொட்டா, அப்பறம் எவன் அதுல வாய வப்பான்?"

கல்லடி பட்டவன் மாதிரி நின்றேன். தீட்டு, எங்கள் பேச்சில் துடக்கு! எங்கள் வீட்டில் துடக்கு வந்தால் கிணற்றுக் கயிற்றைக்கூட நாங்கள் தொடுவதில்லை. அன்று நானே அவள் வாசலைத் தாண்டாமல்தானே நின்றேன்? மிஷன் பள்ளிக்கூடம், புறக்டர், துரையின் புத்தகம் என்று தலைக்குள் எத்தனையோ ஏறி, பிறந்த நாள் முதல் தெரிந்த ஒன்று வாக்குக் கொடுக்கிற நேரத்தில் வெளியே போய்விட்டது.

பிள்ளை செத்ததால் வந்த தண்ணீர். பிள்ளை செத்ததாலேயே அவள் அதைத் தொடக்கூடாது.

"அப்பிடியெண்டால் பழம் பறிக்க அவள் வரலாமோ?" என்று கேட்டேன்.

"அது வேறங்க ஐயா" என்றார் மா.க. "அது தொரையோட பழம்."

ஐப்பசி 12, செவ்வாய்

தலையிடி. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன்.

காலையில் துரையிடம் போனேன். பீலி திறப்பைச் சில நாள் தள்ளிவைத்தால் போதும், பதினாறு கழிந்துவிடும், அவளுக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும், ஆட்களும் முகம் சுளிக்கமாட்டார்கள் என்று விளங்கப்படுத்தினேன். கவனமாகக் கேட்டான். மிகவும் சுவாரசியமான வழக்கம் என்றான். ஆனால் பழம் உதிர்கிறது, கொழும்பிலிருந்து வியாழனுக்குப் பிறகு ஆள் வருகிறார், அதற்குள் மலையில் வேலை நடக்க வேண்டும் என்றான். பிறகு அவனும் ஓர் ஆசை சொன்னான்: முதல் கிளாஸ் தண்ணீரை எல்லோருக்கும் முன்னால் தானே குடிக்க வேண்டும். நம்பிக்கை உண்டாக்குமாம்.

லயத்துக்குப் போனேன். தண்ணீர் விழட்டும், ஆனால் பதினாறு வரைக்கும் யாரும் பிடிக்காமல் இருங்கோ என்று கெஞ்சினேன். அதே பக்கத்துக் காம்பராக்காரி: "கண்ணுக்கு முன்னால நல்ல தண்ணி ஓடுறப்ப, எம்புள்ளைக்கு அந்தச் சாக்கடையவா குடுக்கச் சொல்றீங்க?"

அவள் சொன்னதில் என்ன பிழை? துரை சொன்னதில் என்ன பிழை? மா.க.கூடப் பிழையில்லை. எல்லோரும் சரி. எல்லோரும் சரியாக இருந்துகொண்டே ஒருத்தியை எப்படி மிதிக்கலாம் என்பதற்கு ஒரு புத்தகம் எழுதலாம். அதில் நான்காம் விதியாக என் பெயரைப் போடலாம்.

செல்லாயியிடம் சொல்லப் போனேன். யாரோ முந்திவிட்டார்கள். வாசலில் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பித்தளைக் குடம், கரையிலிருந்து கொண்டுவந்தது.

"நான் தொடாம நிக்கிறேன் ஐயா. வேற யாராச்சும் புடிச்சு எங்குடத்துல ஊத்தட்டும். அதுக்குமா தீட்டு?"

போய் மா.க.விடம் கேட்டேன். குடமும் அந்த வீட்டுக் குடந்தானே என்றார்.

திரும்பிப் போய்ச் சொல்லக் கால் வரவில்லை. மழை பெய்கிறது என்று எனக்கே சாட்டுச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஐப்பசி 14, வியாழன்

மழையில்லை. நல்ல வெயில். நேற்று எழுதவில்லை, எழுத ஒன்றுமில்லை.

காலையில் பீலி திறப்பு. வாழைக்குருத்தில் தோரணம். துரை வெள்ளைக் கோட்டு, கையில் கண்ணாடிக் கிளாஸ். மேலே அடைப்பை எடுத்தார்கள். மூங்கில் உறுமி, இரண்டு தரம் காற்றைக் கக்கி, பிறகு தண்ணீர் விழுந்தது. பிள்ளைகள் கத்தின. உள்ளதைச் சொன்னால், அழகாகத்தான் இருந்தது.

அம்மனுக்கு ஒரு செம்பு. அடுத்தது துரையின் கிளாஸ். மாட்டிறைச்சி தின்கிற வாய்க்குத் தீட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. மடக்கென்று குடித்தான், மா.க. கைகாட்ட எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு மா.க. வீட்டுக் குடம். பிறகு வரிசை.

செல்லாயி தள்ளி, பலா மரத்தடியில், தேய்த்த குடத்தோடு. என்னைப் பார்த்தாள். நான் மூங்கிலில் கம்பிக்கட்டு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். மறுபடி திரும்பியபோது ஆளைக் காணவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று நினைத்தேன். உண்மையில் மூச்சு வந்தது எனக்கு.

போனது ஓடைக்கு. குடம் நிறையக் கொண்டு வந்தாள். தீட்டுக்காரி என்று கூட்டம் தானாக விலகியது. நேராக வந்து, துரையின் சப்பாத்துக்கு முன்னால் குடத்தைக் கவிழ்த்தாள். சிவந்த தோல், வழுவழுப்பு, புளித்த நாற்றம். துரை ஓர் அடி பின்னால் வைத்தான். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றியவள் அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான்.

துரை என்னிடம் திரும்பினான். இது என்ன, அவள் என்ன சொல்கிறாள்?

அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். உள்ளதைச் சொன்னால் பீலி கழன்றுவிடும். வரிசையில் பிள்ளைகள் நிற்கின்றன.

இது அவர்கள் வழக்கம் என்றேன் இங்கிலீஷில். புதுத் தண்ணீர் வந்தால் பழைய தண்ணீரை இப்படி ஊற்றி வழியனுப்புவார்கள். அவள் உங்களுக்கு நன்றி சொல்கிறாள்.

துரையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்து, அந்த வெயிலில், அவளுக்கு முன்னால் தலை குனிந்தான். துரைமார் ஒருவரும் லயத்தில் செய்யாத காரியம்.

செல்லாயி விறைத்துப்போய் நின்றாள். பிறகு, என்னிடம் மட்டும், மெதுவாக:

"சொல்லிட்டாராய்யா?"

என்ன கேட்கிறாள் என்று விளங்கியது.

"ஓம்."

"என்னான்னு சொன்னாரு?"

"தண்ணிதான் பிள்ளையைக் கொன்றது எண்டு சொன்னவர்."

அவள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுத் துரையைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவன் மறுபடி குனிந்தான். அவள் கண்ணீரைப் பார்த்து அவனுக்கும் கண் கலங்கியது. இப்போது என்ன சொல்கிறாள் என்று கேட்டான். அதே நன்றிதான் என்றேன்.

மத்தியானத்துக்குப் பிறகு எல்லோரும் பழம் எடுக்க மலைக்குப் போனார்கள். அரை நாள்தான் வேலை என்பதால் பேரேட்டில் அரைப் பேர், அதாவது அரைக் கூலி, போடச் சொல்லி உத்தரவு. போட்டேன். செல்லாயிக்கும் அரை.